கொமாகோவின் காதலும் ஷிமாமுராவின் கண்ணாடியும்: ‘பனிநாடு’ நாவல் குறித்த வாசிப்புகள்

யசுனாரி கவாபட்டாவின் ‘பனிநாடு’ நாவலில் காதல் ஏன் கைகூடுவதில்லை? கதையளவில் பதில் எளிது. ஷிமாமுரா டோக்கியோக்காரன், முன்னோர் சொத்தில் வாழ்பவன், மனைவி மக்கள் உள்ளவன். கொமாகோ மலைகளுக்கு அப்பால், பனி மூடிய வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றில் கெய்ஷா. அவன் மூன்று முறை வருகிறான், திரும்பிப் போகிறான். இவ்வளவுதான் கதை என்றால் கேள்வி அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நாவல் இந்தத் தடைகளில் ஒன்றையும் தடையாகக் காட்டுவதில்லை என்பதே காரணம். மனைவி ஒரு காட்சியில்கூட வருவதில்லை. ஊர் குறுக்கே நிற்பதில்லை. பிரிந்து போ என்று யாரும் சொல்வதில்லை. கொமாகோ பெரிதாக எதையும் கேட்பதுகூட இல்லை.

காரணங்கள் இருக்க வேண்டிய இடத்தில் படிமங்கள் இருக்கின்றன: பனி, ரயில் சன்னல், கண்ணாடி, அந்துப்பூச்சி, நெசவுத்துணி, தீ, பால்வீதி. காதல் நிறைவேறாமைக்கான விடையை இவற்றுக்குள்தான் தேட வேண்டும் என்பதில் விமர்சகர்களுக்குள் ஏறத்தாழ உடன்பாடு உண்டு. எந்தப் படிமத்தில் தேடுவது, அது யாருடைய படிமம் என்பதில்தான் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

நாவல் வளர்ந்த விதம்

குறியீடுகளைப் பற்றிய எந்த வாதமும் முதலில் ஒரு நூல் வரலாற்றைக் கடந்தாக வேண்டும். ‘பனிநாடு’ ஒரே மூச்சில் திட்டமிட்டு எழுதப்பட்ட நாவல் அல்ல. 1934-இல் கவாபட்டா நீகாட்டா மாகாணத்தின் யுசாவாவில் தங்கி எழுதத் தொடங்கினார். நாவலில் ஊருக்குப் பெயர் இல்லை என்றாலும் அது யுசாவாதான் என்பது அறியப்பட்டதே. 1935 ஜனவரியில் முதல் இரு பகுதிகள் இரண்டு வெவ்வேறு இதழ்களில் வந்தன. ஓர் இதழின் கெடுவுக்குள் முடிக்க முடியாமல் போனதால் மிச்சத்தை இன்னோர் இதழுக்குக் கொடுத்ததாகப் பின்னாளில் அவரே விளக்கினார். இரு பகுதிகளின் தலைப்புகளிலும் கண்ணாடி இருந்தது: முதலாவதில் அந்திக் காட்சியின் கண்ணாடி, இரண்டாவதில் வெண்காலையின் கண்ணாடி.

இப்படித் துண்டு துண்டாக வளர்ந்த எழுத்து 1937 ஜூனில் நூலானது. அந்த நூலில் இன்று நாம் அறிந்த முடிவு இல்லை. தீவிபத்தும் பால்வீதியும் 1940 முதல் எழுதப்பட்டு, போருக்குப் பின் திருத்தப்பட்டு, 1948-இல்தான் நாவலின் பகுதியாயின. ஆக, பத்தாண்டுக்கும் மேல் ஜப்பானிய வாசகர்கள் நூலாகப் படித்தது தீ இல்லாத ‘பனிநாடு’. நாவலின் குறியீட்டு அமைப்பு முழுவதும் அந்தத் தீயை நோக்கியே நகர்கிறது என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. படிமங்கள் இங்கே முன்வரைந்த வரைபடத்தின்படி வரவில்லை. முன்பு எழுதியதைத் திரும்பப் படித்து, அதிலிருந்து அடுத்ததை முளைக்கவைக்கும் முறையில் வந்திருக்கின்றன.

ஹைக்கூ என்னும் சட்டகம்

ஜப்பானுக்கு வெளியே மிகப் பரவலாக இருப்பது கவித்துவ வாசிப்பு. 1956-இல் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதன் முன்னுரையில் அவர் கவாபட்டாவை 17-ஆம் நூற்றாண்டு ஹைக்கூ ஆசான்களின் வழியில் நிறுத்தினார். ஒன்றோடொன்று சேராத இரண்டை அருகருகே வைத்து, நடுவில் எழும் மின்னலை வாசகரிடம் விடுவதே இந்த நாவலின் முறை என்பது அவர் பார்வை. வீணாகும் அழகுக்கு வெந்நீர் ஊற்றுக் கெய்ஷாவைவிடப் பொருத்தமான உருவம் இல்லை என்றும் அவர் கருதினார். ஜப்பானிலும் இதற்கு இணையான கருத்து முன்பே இருந்தது. விமர்சகர் இட்டோ செய் இந்நாவலைச் செவ்வியல் உரைநடையிலிருந்து ஹைக்கூ வரை வரும் புலன்நுட்ப மரபின் தொடர்ச்சியாகக் கண்டார்.

இந்த வாசிப்பில் காதல் கைகூடாமை ஒரு சிக்கலே அல்ல, பருவத்தின் இயல்பு. பூ உதிர்வதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. முதல் சந்திப்பு இளந்தளிர்க் காலத்தில் நிகழ்கிறது, இரண்டாவது பனிக்காலத்தில், மூன்றாவது பூச்சிகள் சாகும் இலையுதிர் காலத்தில். உறவும் அதே சுழற்சியில் முளைத்து, உறைந்து, உதிர்கிறது.

இதன் பலம் மறுக்க முடியாதது. நாவலின் உரைநடை உண்மையிலேயே அப்படித்தான் நகர்கிறது. பத்திக்கும் பத்திக்கும் இடையே தாவல்கள், சொல்லாமல் விட்டவை. ஆனால் இந்தச் சட்டகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. போருக்குப் பின் நியூயார்க்கின் க்னாப் பதிப்பகம் தனிஸாகி, கவாபட்டா, மிஷிமா ஆகிய மூவரையும் முன்னிறுத்தி ஜப்பானிய இலக்கியத்துக்கு ஒரு முகம் கொடுத்தது: பிடிபடாதது, சோகமானது, அழகே நோக்கமானது. எட்வர்ட் ஃபௌலர் 1992-இல் எழுதிய ஆய்வில், நேற்றைய எதிரியை மென்மையான அழகியல் நாடாக மாற்றிப் பார்க்கும் அமெரிக்கத் தேவையோடு இந்தத் தேர்வு ஒத்துப்போனதைச் சுட்டிக்காட்டினார். 1968-இல் கவாபட்டாவுக்கு நோபல் பரிசு வழங்கியபோது ஜப்பானிய மனத்தின் சாரத்தை வெளிப்படுத்தியவர் என்றே குழுவும் பாராட்டியது. அவரும் தம் ஏற்புரையில் ஜென் கவிகளையும் பருவங்களையும் பேசி அந்தப் பிம்பத்துக்கு வலுச்சேர்த்தார்.

இதனால் சைடன்ஸ்டிக்கரின் பணி குறைந்துவிடாது. இந்நாவல் உலகத்துக்குக் கிடைத்தது அவரால். ஆனால் ‘ஹைக்கூ நாவல்’ என்ற அடைமொழியை எடுத்துக்கொண்டு படிக்கும்போது கொமாகோவின் கோபமும் குடியும் கடனும் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன. அழகாக உதிரும் பூவுக்குக் கடன் இருப்பதில்லை. கொமாகோவுக்கு இருக்கிறது.

கண்ணாடியும் நோ நாடகமும்

இரண்டாவது வாசிப்பு ஷிமாமுராவிடமிருந்து தொடங்குகிறது. இது இன்னும் கூர்மையானது. இங்கே சற்று நிதானித்தாக வேண்டும்.

நாவலின் தொடக்கத்தில் ஷிமாமுரா ரயிலில் வருகிறான். அந்தி. எதிர் வரிசையில் யோகோ என்ற இளம்பெண் நோயாளி ஒருவனைக் கவனித்தபடி வருகிறாள். அவன் அவளை நேரே பார்ப்பதில்லை. சன்னல் கண்ணாடியில் பார்க்கிறான். வெளியே ஓடும் மலைக்காட்சியும் உள்ளே அமர்ந்திருக்கும் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஒரு கட்டத்தில் தொலைமலையின் விளக்கொன்று அவள் கண்ணின் பிம்பத்துக்குள் ஏறி ஒளிர்கிறது. அந்தக் கணத்தின் அழகில் அவன் நடுங்கிப்போகிறான். மறுநாள் காலை இன்னொரு கண்ணாடி: பின்னால் வெண்பனி எரிய, நடுவே கொமாகோவின் சிவந்த கன்னம். இரண்டு பெண்களும் அவன் மனத்தில் நிலைகொள்வது கண்ணாடிகள் வழியாகத்தான்.

நாகமுரா மிட்சுவோ போன்ற விமர்சகர்கள் இதற்கு நோ நாடகத்தில் ஓர் அமைப்பைக் கண்டார்கள். நோவில் ‘வாக்கி’ என்றொரு பாத்திரம் உண்டு. பெரும்பாலும் ஊர் சுற்றும் துறவி. ஓர் இடத்துக்கு வந்து சேர்வான், அங்குள்ள ஆவி தன் துயரத்தை ஆடிக் காட்டும். அவன் ஓரமாக அமர்ந்து பார்ப்பான். அவனுக்கென்று கதை கிடையாது. ஆடுபவர் ‘ஷிடே’, முதன்மைப் பாத்திரம். ஷிமாமுரா வாக்கி என்றால் கொமாகோ ஷிடே. இந்த வாசிப்புக்குக் கவாபட்டாவின் சொந்தச் சொற்களும் துணை நிற்கின்றன. பின்னாளில், ஷிமாமுரா நான் அல்ல, ஓர் ஆணாகக்கூட அவன் முழுமையாக இல்லை, கொமாகோவைக் காட்டும் கண்ணாடி போன்றவன் என்ற பொருள்பட அவர் எழுதினார். 1956-இல் மிஷிமா கவாபட்டாவையே நிரந்தரப் பயணி என்று வர்ணித்ததும் இந்த வாசிப்போடு பொருந்திப்போகிறது.

இதை ஏற்றால் காதல் கைகூடாததன் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. கண்ணாடியை யாரும் மணக்க முடியாது. பார்க்க மட்டுமே தெரிந்தவனிடம் கொடுக்கல் வாங்கல் சாத்தியமில்லை. ஷிமாமுராவின் தொழிலும் இதையே சொல்கிறது: அவன் மேற்கத்திய பாலே பற்றிக் கட்டுரைகள் எழுதுபவன், ஆனால் ஒரு பாலே நிகழ்ச்சியைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் கற்பனை கெட்டுவிடும் என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தவன்.

ஆனால் நோ ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. வாக்கியால் ஆவிக்குத் தீங்கு நேர்வதில்லை. அவன் பிரார்த்தனையால் அது அமைதி பெறுவதும் உண்டு. ஷிமாமுராவின் வருகை அப்படியல்ல. மூன்றாம் பயணத்தில் ஓரிரவு அவன் கொமாகோவைப் பாராட்டும் தொனியில் ஒன்றைச் சொல்கிறான். அவள் முதலில் புரியாமல் கேட்கிறாள், பிறகு அதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறாள்: தன்னிடம் அவன் தேடி வந்தது உடலைத்தானா என்று. கொண்டை ஊசியைப் பாயில் குத்திக் குத்தி அழுகிறாள். வெறும் கண்ணாடியால் ஒருத்தியை இப்படிக் காயப்படுத்த முடியாது. ஷிமாமுரா ஒரு மனிதன், பொறுப்பிலிருந்து விலகி நிற்பதற்காகத் தன்னைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டவன். ஆசிரியரின் கூற்றை அப்படியே ஏற்கும் விமர்சனம் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறது.

கண்ணாடிக் காட்சிக்கு இன்னொரு மரபும் உண்டு என்பதை இங்கே சேர்க்க வேண்டும். 1924-இல் ரியிச்சி யொகொமிட்சுவுடன் சேர்ந்து ‘புதிய புலனுணர்வு’ இயக்கத்தின் இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் கவாபட்டா. 1926-இல் வெளிவந்த ‘பித்தின் ஒரு பக்கம்’ என்ற மௌனப்பட உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. ரயில் சன்னலின் இரட்டைப் பிம்பத்தை நாவலே திரைப்படத்தின் இரட்டைப் பதிவோடு ஒப்பிடுகிறது. ஆகவே அதை ஹைக்கூ மரபின் வாரிசாக மட்டும் காண்பது பாதிப் பார்வைதான். அது 1920-களின் சினிமாக் கண்ணும்கூட.

எழுத்தாளரின் வாழ்க்கை

வாழ்க்கை வரலாற்று வாசிப்பு நீண்ட காலமாக இருந்துவருகிறது. கவாபட்டா குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர். பிறகு பாட்டி, அக்கா, கடைசியில் 1914-இல் தாத்தா. 1921-இல் ஹட்சுயோ இட்டோ என்ற பெண்ணுடன் நிச்சயம் செய்துகொண்டார். சில வாரங்களிலேயே அவள் கடிதம் எழுதி முறித்துக்கொண்டாள். அவளுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் ஒன்று 2014-இல் வெளிச்சத்துக்கு வந்தது. கிட்டாத பெண் அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த இழப்பே ஊற்று என்பது வாதம்.

ஏக்கம் ஏன் வருகிறது என்பதற்கு இது ஓரளவு விளக்கமாகலாம். ஆனால் வாழ்க்கையில் கைவிடப்பட்டவர் கவாபட்டா. ‘பனிநாடு’ நாவலில் விட்டுப் போகிறவன் ஆண். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு வாழ்க்கை வரலாற்றில் விடை இல்லை. ஷிமாமுராவைவிடக் கொமாகோவே தமக்கு உணர்வில் நெருக்கமானவள் என்று அவரே சொன்னதை எடுத்துக்கொண்டால் வாதம் சுவையாகிறது. அதை வளர்த்தெடுத்தவர்கள் குறைவு.

வீண் என்ற சொல்லைச் சுற்றி

கொமாகோ நாட்குறிப்பு எழுதிவருகிறாள். பதினைந்து பதினாறு வயதிலிருந்து படித்த நாவல்களின் பெயர், ஆசிரியர், பாத்திரங்கள், அவர்களுக்குள்ள உறவு என்று குறித்துவைத்த பத்து நோட்டுகள் அவளிடம் இருக்கின்றன. கருத்து ஒன்றும் எழுதியதில்லை, பட்டியல் மட்டுமே. இது வீண் வேலை அல்லவா என்கிறான் ஷிமாமுரா. ஆமாம் என்று அவள் சட்டென்று ஒப்புக்கொள்கிறாள். அந்தக் கணத்தில் அவளுடைய வீண் உழைப்பே அவனுக்குத் தூய அழகாகத் தெரிகிறது. ஷமிசென் இசையும் அப்படித்தான்: மலை ஊரில் ஆசானோ ரசிகர்களோ இல்லாமல், இசைக்குறிப்பு நூலையும் வானொலியையும் வைத்துத் தனியே பயின்றவள். ஒரு காலைப்பொழுதில் அவள் ‘கன்ஜின்சோ’வை வாசிக்கும்போது அவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இதைப் பௌத்த நிலையாமையோடு இணைத்துப் பார்ப்போர் பலர். மகோட்டோ உவேடா 1976-இல் வெளியான தம் நூலில், தூய்மையும் அடைய முடியாததை நோக்கிய ஏக்கமும் கவாபட்டாவின் அழகுணர்வில் மையமானவை என்று விளக்கினார். இந்தப் பார்வையில் நிறைவேறிய காதல் நீர்த்துப்போன காதல். பலனை எதிர்பாராத முயற்சியே முழுமையானது. ஆகவே கொமாகோவின் காதல் கைகூடாததாலேயே தூயது. சாகும் அந்துப்பூச்சியும் வீணே உழைக்கும் பெண்ணும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள்.

அழகான வாதம்தான். ஆனால் வீண் என்று சொல்வது யார்? ஷிமாமுராவும் வீண் வேலைதான் செய்கிறான்: பார்க்காத பாலே பற்றி எழுதுகிறான். அவனுடைய வீண் முன்னோர் சொத்து தந்த ஓய்வின் விளைவு. அவளுடையது வறுமையின் நடுவே தன்னைத் தனக்கென்று காத்துக்கொள்ளும் ஒரே வழி. நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அவள் எழுதியது, ரயிலில் யோகோ கவனித்துவந்த அந்த நோயாளி யுகியோவைப் பற்றி. டோக்கியோவுக்கு விற்கப்பட்டுப் போன நாளில் அவளை வழியனுப்ப வந்தவன் அவன் ஒருவன்தான். அதே யுகியோ சாகக் கிடக்கும்போது யோகோ ரயில் நிலையத்துக்கு ஓடிவந்து கொமாகோவை அழைக்கிறாள். ஷிமாமுராவை வழியனுப்ப நிற்கும் கொமாகோ போக மறுக்கிறாள். இந்தக் காட்சியை நிலையாமை என்ற சொல்லில் அடக்க முடியுமா? ஒருவனுக்குப் பட்ட கடனும் இன்னொருவன் மேல் கொண்ட ஆசையும் ஒரே மேடையில் மோதும் இடம் அது. தத்துவ வாசிப்புகள் இதைப் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகின்றன. நாவலின் மிக வலிமையான இடங்களில் ஒன்று அது என்பது என் கணிப்பு.

கொமாகோவின் பக்கமிருந்து

1980-களிலிருந்து ஜப்பானியப் பெண்ணிய விமர்சனம் ஆண் எழுத்தாளர்களின் பெண் உருவங்களை மறுபடி பார்க்கத் தொடங்கியது. சிசுகோ உவேனோ, சிகாகோ ஒகுரா, தயேகோ டொமியோகா மூவரும் 1992-இல் வெளியிட்ட உரையாடல் நூல் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதில் எடுத்துக்கொண்ட ஆறு எழுத்தாளர்களில் கவாபட்டா இல்லை. ஆனால் இதே காலகட்டத்தில் ‘பனிநாடு’ பற்றிய வாசிப்பும் மாறியது. யோகோ தாஜிமா இந்நாவலைக் கொமாகோவின் பார்வையிலிருந்து படித்துக்காட்டினார். அப்படிப் படித்தால் இது அழகின் நாவலாக இல்லாமல், பணம் கொடுத்து வருபவனுக்கும் பணத்துக்குக் கட்டுண்டவளுக்கும் இடையிலான சமமின்மையின் நாவலாக மாறுகிறது. அவள் கெய்ஷாவானது யுகியோவின் மருத்துவச் செலவுக்காக என்பது ஊர்ப்பேச்சு. அவள் அதை மறுக்கிறாள். பிறகு இன்னொரு வீட்டில் ஆண்டுக் கணக்கு ஒப்பந்தத்தில் இருக்கிறாள். விருந்துகளுக்கு இடையே ஓடி ஓடி ஷிமாமுராவின் அறைக்கு வருவது அவள் தன் உழைப்பு நேரத்திலிருந்து பிய்த்தெடுக்கும் நேரம்.

காலச்சூழலும் இதற்குச் சாட்சி. 1929-இன் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் ஜப்பானின் பட்டு ஏற்றுமதி சரிந்தது. கூட்டுப்புழு விலை பாதாளத்துக்குப் போனது. வடக்குப் பகுதி வேளாண் குடும்பங்கள் பெண்பிள்ளைகளை விற்ற செய்திகள் அந்த ஆண்டுகளின் நாளிதழ்களில் வந்தன. 1931-இல் 9.7 கிலோமீட்டர் நீள ஷிமிசு சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, டோக்கியோவாசிகளுக்கு இந்த மலையூர்கள் எட்டும் தூரத்தில் வந்தன. நாவலின் புகழ்பெற்ற தொடக்கத்தில் வரும் சுரங்கம் கனவுலகத்தின் வாசல் என்று எழுதப்பட்டிருக்கிறது. அது பனிச்சறுக்குப் பயணிகளையும் விருந்தினர்களையும் கொண்டுவந்த வணிகப் பாதையும்தான். கொமாகோ தங்கியிருக்கும் முதல் வீட்டின் மாடி, முன்பு பட்டுப்புழு வளர்த்த அறை. ஷிமாமுராவுக்கு அது, அவள் உடலே பட்டுப்புழுபோல ஒளி ஊடுருவுவதாக இருக்கும் என்று தோன்ற இடம் தருகிறது. பட்டுப்புழு வளர்ப்பு நின்றுபோன வீட்டில் இப்போது ஒரு பெண் வாடகைக்கு உழைக்கிறாள் என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. வாசகருக்குத் தோன்றலாம், நாவல் அதைத் தடுக்கவில்லை.

சிஜிமித் துணிப் பகுதியும் இதே வகையானது. கவாபட்டா இங்கே 19-ஆம் நூற்றாண்டில் எச்சிகோவைச் சேர்ந்த பொகுஷி சுசுகி எழுதிய பனிநாட்டு வாழ்வு பற்றிய நூலைப் பெரிதும் பயன்படுத்தினார். பனியில் அடைபட்ட மாதங்களில் இளம்பெண்கள் நூற்று நெய்த மெல்லிய சணல்நார்த் துணி. பனிமேல் விரித்து வெளுக்கப்படுவது. ஷிமாமுரா தன் பழைய சிஜிமிகளை ஒவ்வோர் ஆண்டும் வெளுக்க அனுப்புகிறான். பெயரற்ற நெசவுப் பெண்களின் உழைப்பு ஐம்பது ஆண்டு தாங்கும், காதல் அதுகூடத் தாங்காது என்ற எண்ணம் அவனுக்கு வருகிறது. அந்தத் துணியின் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான், இனித் திரும்பக்கூடாது என்ற முடிவுக்கு அவன் நெருங்குகிறான். குறியீட்டு வாசிப்பும் பொருளியல் வாசிப்பும் இங்கே ஒன்றையொன்று வெட்டவில்லை. ஒரே பத்தி இரண்டுக்கும் இடம் தருகிறது. அவன் அந்தப் பெண்களின் உழைப்பை உண்மையாகவே மதிக்கிறான். ஆனால் அந்த மதிப்பு இறந்துபோனவர்களுக்கு மட்டும் எளிதாகக் கிடைக்கிறது. உயிரோடு பக்கத்தில் இருப்பவளுக்குக் கிடைப்பதில்லை.

இந்த வாசிப்புக்கும் பலவீனங்கள் உண்டு. ஷிமாமுராவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதோடு நின்றுவிடும்போது, கொமாகோ பாதிக்கப்பட்டவளாக மட்டும் சுருங்கிவிடுகிறாள். நாவலில் அவள் அப்படி இல்லை. தன் நிலைமையை அவனைவிட நன்றாக அறிந்தவள். அவன் வரமாட்டான் என்று தெரிந்தே காதலிப்பவள். கோபப்படுகிறாள், துரத்துகிறாள், சிரிக்கிறாள். கைக்கிளை என்று இதை ஒதுக்கவும் முடியாது, ஏனெனில் அவனும் அவள்பால் ஈர்க்கப்பட்டே இருக்கிறான். அரசியல் வாசிப்பிலும் இதே அவசரம் தெரிகிறது. நூல் வெளிவந்த அடுத்த மாதமே சீனாவுடன் முழுப்போர் மூண்டது. அரசோடு தொடர்புடைய இலக்கிய அமைப்பொன்றின் பரிசும் அதே ஆண்டு நாவலுக்குக் கிடைத்தது. இதை வைத்து ‘பனிநாடு’ நாவலைப் போரிலிருந்து கண்ணை மூடிக்கொண்ட எழுத்து என்று தீர்ப்பளிப்பதுண்டு. பரிசு யார் கொடுத்தார்கள் என்பதைக்கொண்டு பனியின் பொருளை முடிவுசெய்வது போதாது.

தீயும் பால்வீதியும்

ஒவ்வொரு வாசிப்பும் கடைசியில் சோதனைக்கு உள்ளாவது முடிவில்தான். கூட்டுப்புழுக் கிடங்கில் திரைப்படம் காட்டுகிறார்கள், படச்சுருள் பற்றிக்கொள்கிறது. அந்தக் காலத்துச் சுருள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகை. ஊரே ஓடுகிறது. மேலே பால்வீதி. மாடியிலிருந்து யோகோ விழுகிறாள். கொமாகோ அவளை அள்ளிக்கொண்டு, இவளுக்குப் பித்துப் பிடித்துவிடும் என்று கதறுகிறாள். ஷிமாமுரா தடுமாறி நிமிர, பால்வீதி அவனுக்குள் இறங்குகிறது.

பால்வீதியைக் கண்டதும் ஷிமாமுராவின் மனம் கவி பாஷோவுக்குத் தாவுகிறது. கவித்துவ வாசிப்பு இதைத் தன் வெற்றியாகக் கொள்கிறது. நெசவுக்காரி விண்மீனும் மாடுமேய்க்கும் விண்மீனும் பால்வீதியால் பிரிக்கப்பட்ட கீழைத் தொன்மத்தை நினைவுகூர்பவர்கள், சிஜிமி நெசவிலிருந்து நேரே இங்கே வந்து சேர்கிறார்கள். இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் தொன்மத்தில் அந்த இருவரும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பார்கள், இருவரும் ஏங்குவார்கள். நாவலில் ஏக்கம் சமமாகப் பங்கிடப்படவில்லை. இதே காட்சியில் பிரபஞ்சத்தோடு கலக்கும் மீட்சியைக் காண்போரும் உண்டு. ஓடிவந்து தூக்கியவள் கொமாகோ, கலந்தவன் ஷிமாமுரா என்பதை அவர்கள் விளக்கியாக வேண்டும்.

எனக்கு இங்கே மிக முக்கியமாகப் படுவது சினிமாச் சுருள். நாவலின் தொடக்கத்தில் சினிமா ஓர் உவமை: யோகோவின் முகம் இரட்டைப் பதிவுபோலச் சன்னலில் மிதந்தது. முடிவில் அது உவமை அல்ல, எரியும் பொருள். பட்டுத் தொழிலின் கிடங்கில், அதே யோகோவை வீழ்த்துகிறது. பிம்பமாகப் பார்க்கப்பட்டவள் உடலாக விழுகிறாள். ஷிமாமுராவின் பார்வை அப்போதும் மாறவில்லை: அவள் விழுவதையும் அவன் முதலில் உண்மையற்ற உலகின் நிகழ்ச்சியாகத்தான் காண்கிறான். கொமாகோ மட்டுமே அங்கே ஓர் உடலைச் சுமக்கிறாள். 1940-களில் கவாபட்டா இந்தப் பகுதியைச் சேர்த்ததால், முன்பு தாமே எழுதிய கண்ணாடிக் காட்சியின் அழகை அவர் கேள்விக்கு உட்படுத்தினார் என்று கருத இடமிருக்கிறது. காதல் கைகூடாததற்கு நாவல் தரும் மிக நெருங்கிய விடையும் இதில் இருக்கலாம்: ஒருத்தியைக் குறியீடாக மாற்றிப் பார்க்கும் பழக்கமே அவளை அடையவிடாமல் செய்கிறது. பனியும் பட்டுப்புழுவும் வீணின் அழகும் ஷிமாமுராவிடம் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

தீராத கேள்விகள்

இந்த முடிவை உறுதியாகச் சொல்ல முடியாமல் தடுப்பவை சில உண்டு. முதலாவது, கவாபட்டா எங்கே நிற்கிறார் என்பது. ஷிமாமுராவின் பார்வையை அவர் விமர்சிக்கிறாரா, அல்லது அதில் தாமும் மயங்கி எழுதுகிறாரா? உரைநடையின் அழகு முழுவதும் ஷிமாமுராவின் கண் வழியாகவே வருகிறது. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மிகக் குறைவு. விமர்சனமும் உடந்தையும் ஒரே வாக்கியத்தில் இருக்கக்கூடும் என்று சொல்லலாம். இப்போதைக்கு அதற்குமேல் சொல்லச் சான்று போதாது.

யோகோ இன்னும் பெரிய சிக்கல். கொமாகோவைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவளைப் பற்றி எழுதப்படவில்லை. அவள் இறந்தாளா என்பதை நாவல் தெளிவாகச் சொல்வதில்லை. டோக்கியோவுக்கு அழைத்துப் போகும்படி ஷிமாமுராவிடம் கேட்டவள் அவள். கொமாகோவை நன்றாக நடத்துங்கள் என்று அவனிடம் வேண்டியவளும் அவளே. அவளைத் தூய்மையின் குறியீடாக மட்டும் படிக்கும் வழக்கம், ஷிமாமுரா ரயிலில் செய்ததையே விமர்சகர்களும் செய்வதாகும். அவள் குரலை, அவள் வேலைகளை, யுகியோவின் கல்லறைக்கு நாள்தோறும் போகும் அவள் பிடிவாதத்தை மையமாக வைத்த வாசிப்பு இன்னும் முழுமையாக வரவேண்டியிருக்கிறது.

நூல் வடிவங்களின் கேள்வியும் மிச்சம் இருக்கிறது. ஆங்கிலம் வழியாக நாவலை அறிந்த வாசகர்களுக்குப் பழகியிருப்பது 1948 வடிவம். 1937 வடிவத்தை அதனருகில் வைத்துப் படித்தால், தீக்கு முன் கண்ணாடி என்ன பொருள் தந்தது என்பதைத் தனியே மதிப்பிட முடியும். இதற்கு மறுமுனையில் இன்னொரு வடிவமும் உண்டு: 1972-இல் இறப்பதற்குச் சற்று முன் கவாபட்டா நாவலைச் சில பக்க உள்ளங்கைக் கதையாகச் சுருக்கினார். பத்தாண்டுக்கும் மேலாக வளர்த்ததை அவர் எதற்காக இவ்வளவு வெட்டினார், எதை மட்டும் காப்பாற்ற நினைத்தார் என்பதற்கு மூன்று வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி விடை கிடைக்காது.